அயனிகளின் மின்சுமையைக் கணக்கிட்டு அறியும் முறை

மேல்நிலை வகுப்பில் வேதியியல் படிக்கும் மாணவரிடம் சல்பேட் அயனியின் மின்சுமை என்ன என்று கேட்டால், பலரும் உருப்போட்ட பட்டியலை முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த பிறகே பதில் சொல்கிறார்கள். பட்டியலில் ஒரு வரி நழுவினால், அந்த அயனி இடம்பெறும் உப்புகளின் வாய்ப்பாடுகள் அத்தனையும் பிழையாகிவிடுகின்றன. நாற்பது ஐம்பது அயனிகளை இப்படிச் சுமக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலானவற்றைத் தனிம வரிசை அட்டவணையிலிருந்தும், நமக்கு ஏற்கெனவே தெரிந்த சில அமிலங்களிலிருந்தும் கணக்கிட்டே பெற்றுவிடலாம். நினைவில் வைக்க வேண்டியவை மிகச் சிலவே. பெற்ற விடை சரிதானா என்று சோதிக்கவும் வழி உண்டு. சென்னையில் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பெறும் அறிக்கை ஒன்று கையில் இருந்தால், அதுவே அதற்குப் போதுமான பயிற்சித் தாள்.

மின்சுமை என்பது ஒரு கழித்தல் கணக்கு. அணுவில் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் சம எண்ணிக்கையில் இருக்கின்றன. எலக்ட்ரான்களை இழந்தோ ஏற்றோ மின்சுமை பெற்ற அணுவே, அல்லது அணுத் தொகுப்பே, அயனி. வேதிவினைகளில் புரோட்டான்களின் எண்ணிக்கை மாறுவதே இல்லை. எனவே புரோட்டான்களின் எண்ணிக்கையிலிருந்து எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கழித்தால் கிடைப்பதே அயனியின் மின்சுமை. சோடியம் அயனியில் 11 புரோட்டான்கள், 10 எலக்ட்ரான்கள், ஆகவே 1+. குளோரைடு அயனியில் 17 புரோட்டான்கள், 18 எலக்ட்ரான்கள், ஆகவே 1−. எலக்ட்ரானை ‘பெற்றுக்கொண்ட’ அணுவுக்குக் கூட்டல் குறி போட்டுவிடும் தவறு தொடக்கத்தில் மிகுதியாக நிகழ்கிறது. எலக்ட்ரான் எதிர்மின்சுமை கொண்டது என்பதை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு கழித்தால் அந்தத் தவறு வராது.

எழுதும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. அயனியின் மின்சுமையை எழுதும்போது எண் முதலிலும் குறி பின்னரும் வரும்: 2+, 3−. ஆக்சிஜனேற்ற எண்ணை எழுதும்போது குறி முதலில் வரும்: +2, −3. இரண்டும் ஒன்றல்ல என்பது கீழே குரோமியத்தைப் பற்றிப் பேசும்போது தெளிவாகும்.

அட்டவணையே சொல்லிவிடும் அயனிகள்

முதல் தொகுதியில் உள்ள லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான் இருப்பதால் அவை 1+ அயனிகளாகின்றன. இரண்டாம் தொகுதியின் மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் 2+ அயனிகளாகின்றன. அலுமினியம் 3+. வலப்பக்கத்தில் பதினேழாம் தொகுதியின் புளூரைடு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு ஆகியவை ஓர் எலக்ட்ரானை ஏற்று 1− ஆகின்றன. பதினாறாம் தொகுதியின் ஆக்சைடும் சல்பைடும் 2−. பதினைந்தாம் தொகுதியின் நைட்ரைடும் பாஸ்பைடும் 3−. அருகிலுள்ள மந்த வாயுவின் எலக்ட்ரான் எண்ணிக்கையை அடைவதற்கு எத்தனை எலக்ட்ரான்கள் போக வேண்டும் அல்லது வர வேண்டும் என்று எண்ணிப் பார்த்தாலே இவை அனைத்தும் கிடைத்துவிடும்.

சோடியம் ஏன் ஓர் எலக்ட்ரானோடு நிறுத்திக்கொள்கிறது என்ற கேள்விக்கும் விடை தெரிந்திருப்பது நல்லது. சோடியத்தின் முதல் எலக்ட்ரானை அகற்ற ஒரு மோலுக்குச் சுமார் 496 கிலோஜூல் ஆற்றல் தேவைப்படுகிறது. இரண்டாவது எலக்ட்ரானை அகற்றச் சுமார் 4562 கிலோஜூல், அதாவது ஒன்பது மடங்குக்கும் மேல். நிறைந்த உள்கூட்டை உடைக்கும் அந்த விலையைச் சாதாரண வேதிவினை எதுவும் கொடுப்பதில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமை கொண்ட உலோகங்கள்

இடைநிலைத் தனிமங்களுக்கு வந்ததும் அட்டவணை நேரடியாக விடை சொல்வதை நிறுத்திவிடுகிறது. இங்கேதான் சிறிதளவு மனப்பாடம் தேவை. துத்தநாகம் எப்போதும் 2+, காட்மியம் 2+, வெள்ளி ஏறக்குறைய எப்போதும் 1+ என்ற மூன்றையும் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு இரும்பு 2+ அல்லது 3+, தாமிரம் 1+ அல்லது 2+, வெள்ளீயமும் காரீயமும் 2+ அல்லது 4+. பெயரின் ஈறு எந்த அயனி என்று காட்டிவிடும்: பெரஸ், குப்ரஸ், ஸ்டான்னஸ் என்பவை குறைந்த மின்சுமையையும், பெரிக், குப்ரிக், ஸ்டான்னிக் என்பவை மிகுந்த மின்சுமையையும் குறிக்கின்றன. புதிய பாடநூல்கள் உலோகத்தின் பெயருக்குப் பின் ரோமன் எண்ணை இட்டு இதையே சொல்கின்றன.

இரும்பின் இரண்டு அயனிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண ஆய்வகம் போக வேண்டியதில்லை. இரும்புச் சத்து மிகுந்த போர் தண்ணீரை வாளியில் பிடித்து மூடாமல் வைத்தால், பிடிக்கும்போது பளிங்குபோல் இருந்த நீர் மறுநாள் காலைக்குள் மஞ்சள் பூத்து, வாளியின் அடியில் செம்பழுப்பு வண்டலைப் படிய விட்டிருக்கும். நிலத்தடியில் ஆக்சிஜன் குறைவாக உள்ள நீரில் இரும்பு 2+ அயனியாகக் கரைந்து, கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கிறது. நீர் மேலே வந்து காற்றைத் தொட்டதும் ஒவ்வொரு இரும்பு அயனியும் இன்னோர் எலக்ட்ரானை இழந்து 3+ ஆகிறது. அந்த 3+ இரும்பு ஹைட்ராக்சைடோடு சேர்ந்து கரையாத வண்டலாகிக் கீழே தங்குகிறது. ஒரே ஓர் எலக்ட்ரான் போனதன் விளைவுதான் வாளியின் அடியில் உள்ள அந்தக் கறை. செய்முறைத் தேர்வில் பெரஸ் உப்பைப் பெர்மாங்கனேட் கரைசலால் தரம்பார்க்கும்போதும் இரும்புக்கு நிகழ்வது இதே மாற்றமே.

பாதரசம் தனியாகக் கவனிக்கத்தக்கது. மெர்குரிக் அயனி 2+. மெர்குரஸ் அயனியோ இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த இரட்டை. அந்த இரட்டைக்குச் சேர்த்து 2+. எனவே மெர்குரஸ் குளோரைடின் வாய்ப்பாட்டில் இரண்டு பாதரசமும் இரண்டு குளோரினும் வரும். அதை ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்கி எழுதக் கூடாது.

குரோமியம் 3+ அயனியை அறியச் சென்னைக்காரர்களுக்குக் குரோம்பேட்டை என்ற பெயரே போதும். அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் அமைந்த பெயர் அது. தோலைப் பதப்படுத்தப் பயன்படுவது குரோமியம் 3+ கொண்ட சல்பேட் உப்பு. இதே குரோமியம் குரோமேட், டைகுரோமேட் என்ற அயனிகளுக்குள் இருக்கும்போது அதன் ஆக்சிஜனேற்ற எண் +6; அப்போது அது நச்சுத்தன்மை மிகுந்தது. ஆனால் கரைசலில் ‘குரோமியம் 6+’ என்ற தனி அயனி கிடையாது. கரைசலில் இருப்பது நான்கு ஆக்சிஜன்களோடு சேர்ந்த குரோமேட். அந்த முழுத் தொகுப்பின் மின்சுமை 2−. ஆக்சிஜனேற்ற எண் கணக்குக்காக ஓர் அணுவின்மேல் ஏற்றிச் சொல்லும் எண். மின்சுமை அயனி முழுவதற்கும் உரிய உண்மையான அளவு.

அமிலத்திலிருந்து பல்லணு அயனிக்கு

நைட்ரேட், சல்பேட், கார்பனேட், பாஸ்பேட் போன்ற பல்லணு அயனிகளில்தான் மாணவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். அயனிப் பட்டியலைவிட அமிலங்களை நினைவில் வைப்பது எளிது. அமிலங்கள் நமக்கு முன்பே அறிமுகமானவை. அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனி, அதாவது ஒரு புரோட்டான் விலகினால், மிஞ்சும் பகுதிக்கு மின்சுமை ஒன்று குறைகிறது. இந்த ஒரே விதி மிகப் பெரிய பகுதியைத் தீர்த்துவிடும்.

நைட்ரிக் அமிலத்தில் விலகக்கூடிய ஹைட்ரஜன் ஒன்று; எனவே நைட்ரேட் 1−. கந்தக அமிலத்தில் இரண்டு. ஒன்று மட்டும் விலகினால் பைசல்பேட் 1−, இரண்டும் விலகினால் சல்பேட் 2−. கார்பானிக் அமிலத்தில் இரண்டு. ஆகவே பைகார்பனேட் 1−, கார்பனேட் 2−. பாஸ்பாரிக் அமிலத்தில் மூன்று. ஆகவே டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1−, ஹைட்ரஜன் பாஸ்பேட் 2−, பாஸ்பேட் 3−. ஆக்சாலிக் அமிலத்திலிருந்து ஆக்சலேட் 2−. அசிட்டிக் அமிலத்தில் நான்கு ஹைட்ரஜன்கள் இருந்தாலும் ஆக்சிஜனோடு இணைந்த ஒன்றுதான் விலகும். கார்பனோடு இணைந்த மூன்றும் அங்கேயே இருக்கும். ஆகவே அசிட்டேட் 1−.

விதியைத் திருப்பிப் போட்டாலும் செல்லும். அம்மோனியா மூலக்கூறு மின்சுமையற்றது. அது ஒரு புரோட்டானை ஏற்றால் அம்மோனியம் 1+. நீர் ஒரு புரோட்டானை இழந்தால் ஹைட்ராக்சைடு 1−. ஏற்றால் ஹைட்ரோனியம் 1+. எதிர்மின் அயனிகள் எண்ணற்றவையாக இருக்க, பள்ளிப் பாடத்தில் நாம் காணும் பல்லணு நேர்மின் அயனிகள் ஏறக்குறைய அம்மோனியமும் ஹைட்ரோனியமும் மட்டுமே.

ஆக்சிஜனின் எண்ணிக்கை குறைந்தால் மின்சுமை மாறுமா என்று அடுத்துக் கேட்கலாம். பொதுவாக மாறாது. சல்பேட்டும் சல்பைட்டும் 2−. நைட்ரேட்டும் நைட்ரைட்டும் 1−. பெர்குளோரேட், குளோரேட், குளோரைட்டு, ஹைப்போகுளோரைட்டு நான்கும் 1−. காரணம் எளிது: இவற்றின் அமிலங்களில் விலகக்கூடிய ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை ஒன்றே. இது எல்லா இடத்திலும் பொருந்தாது. மாங்கனேட் 2−, பெர்மாங்கனேட் 1−. இந்த இணையைத் தனியாக மனத்தில் வைக்க வேண்டும். பாஸ்பரஸ் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன்கள் இருந்தும் ஒன்று பாஸ்பரஸோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால் இரண்டு மட்டுமே விலகும். பெராக்சைடு 2− என்பதில் இரண்டு ஆக்சிஜன்களும் சேர்ந்து ஒரே அயனி. அதை இரண்டு ஆக்சைடுகளாகப் பிரித்துப் படிக்கக் கூடாது.

தமிழில் எழுதும்போது இன்னொரு கவனமும் வேண்டும். நைட்ரைடு, நைட்ரைட்டு என்ற இரண்டு பெயர்களும் விடைத்தாளில் ஒன்றோடொன்று மயங்கிவிடுகின்றன. முதலாவது ஒற்றை நைட்ரஜன் அணு, 3−. இரண்டாவது நைட்ரஜனோடு இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தது, 1−. சல்பைடும் சல்பைட்டும் இரண்டுமே 2− என்பதால் அங்கே பெயர் மயங்கினாலும் மின்சுமை சரியாகவே இருக்கும், வாய்ப்பாடு பிழையாகிவிடும்.

கூட்டினால் சுழியம் வர வேண்டும்

எந்த உப்பை எடுத்தாலும் நேர்மின்சுமைகளும் எதிர்மின்சுமைகளும் கூடிச் சுழியமாக வேண்டும். அலுமினியம் 3+, சல்பேட் 2−. இரண்டு அலுமினியத்துக்கு மூன்று சல்பேட் என்றால் ஆறுக்கு ஆறு சரியாகிறது. எண்களைக் குறுக்காக மாற்றிப் போடும் வழக்கமான முறையும் இதைத்தான் செய்கிறது. ஆனால் கால்சியம் சல்பேட்டில் இரண்டும் இரண்டும் சமமாக இருக்கும்போது ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்க மறந்துவிடுபவர்கள் உண்டு. ஆகவே எந்த முறையில் எழுதினாலும் கடைசியில் ஒருமுறை கூட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

பயிற்சிக்கு நாட்டு மருந்துக் கடைப் பொருள்களைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு, ஒன்றுக்கு ஒன்று. வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட், அதுவும் அப்படியே. ஆப்ப சோடா, சோடியமும் பைகார்பனேட்டும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தது. நீற்றிய சுண்ணாம்பில் ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு. மயில்துத்தம் தாமிரம் 2+ அயனியின் சல்பேட், அன்னபேதி இரும்பு 2+ அயனியின் சல்பேட். படிகாரம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டியது: ஒரு பொட்டாசியம், ஓர் அலுமினியம், இரண்டு சல்பேட், ஒன்றும் மூன்றும் நான்கு, எதிரே இரண்டிரண்டாக நான்கு. கூடவே இருக்கும் 12 நீர் மூலக்கூறுகளுக்கு மின்சுமை இல்லாததால் அவை கணக்கில் சேரா.

கலங்கிய தண்ணீரில் படிகாரக் கட்டியைச் சுழற்றினால் தண்ணீர் தெளிவதற்கும் இந்த 3+ தான் காரணம். நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கின்றன. அவற்றைத் திரட்டுவதில் 1+ அயனியைவிட 2+ அயனியும், அதைவிட 3+ அயனியும் பல மடங்கு வலியவை. சோடியம் உப்பைச் சிட்டிகையளவு போட்டால் நடக்காதது, படிகாரத்தைச் சிட்டிகையளவு போட்டால் நடந்துவிடுகிறது. அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறிப் பஞ்சுபோல் திரண்டு துகள்களைத் தன்னோடு கீழே இழுத்துச் செல்வதும் சேர்ந்துகொள்கிறது.

நீர்ப் பரிசோதனை அறிக்கையில் சரிபார்த்தல்

உப்புக்குப் பொருந்தும் சுழிய விதி, உப்புகள் கரைந்த நீருக்கும் பொருந்தும். ஒரு வாளித் தண்ணீருக்கு மின்சுமை இல்லை. ஆகவே அதில் உள்ள அயனிகளின் மின்சுமைகள் கூடிச் சுழியமாகவே வேண்டும். அறிக்கையில் ஒவ்வோர் அயனியும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தரப்பட்டிருக்கும். அந்த எண்ணை அயனியின் நிறையால் வகுத்து, மின்சுமையால் பெருக்கினால் கிடைப்பது மில்லிசமானம். நேர்மின் பக்கத்தையும் எதிர்மின் பக்கத்தையும் தனித்தனியே கூட்ட வேண்டும்.

பயிற்சிக்காக ஒரு போர் தண்ணீரின் அளவுகளை இவ்வாறு வைத்துக்கொள்வோம். கால்சியம் 80 மில்லிகிராம்: 40ஆல் வகுத்து 2ஆல் பெருக்க 4.0. மக்னீசியம் 36: 24ஆல் வகுத்து 2ஆல் பெருக்க 3.0. சோடியம் 140: 23ஆல் வகுக்க 6.1. பொட்டாசியம் 7.8: 39ஆல் வகுக்க 0.2. நேர்மின் பக்கம் மொத்தம் 13.3. எதிர்ப் பக்கத்தில் பைகார்பனேட் 305: 61ஆல் வகுக்க 5.0. குளோரைடு 213: 35.5ஆல் வகுக்க 6.0. சல்பேட் 72: 96ஆல் வகுத்து 2ஆல் பெருக்க 1.5. நைட்ரேட் 31: 62ஆல் வகுக்க 0.5. மொத்தம் 13.0. வேறுபாடு 0.3, இரு பக்கமும் சேர்ந்த 26.3இல் இது ஒரு சதவீதத்தை ஒட்டி வருகிறது. இப்படிப்பட்ட நீருக்கு 5 சதவீதம் வரை வேறுபாட்டை ஆய்வகங்கள் ஏற்கும். கால்சியத்தை 1+ என்று தவறாகக் கொண்டிருந்தால் நேர்மின் பக்கம் 11.3 ஆகி, வேறுபாடு 7 சதவீதத்தைத் தொட்டிருக்கும். பிழை எங்கோ இருக்கிறது என்று கணக்கே காட்டிக்கொடுத்திருக்கும்.

அறிக்கையைப் படிக்கையில் ஒரு சிக்கல் வரும். பல ஆய்வகங்கள் பைகார்பனேட்டைத் தனியே தராமல், மொத்தக் காரத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டுத் தருகின்றன. வழக்கமான போர் தண்ணீருக்கு அந்த எண்ணை 1.22ஆல் பெருக்கினால் பைகார்பனேட் கிடைக்கும். 250 என்று இருந்தால் 305. மொத்தக் கடினத்தன்மையும் இப்படியே கால்சியம் கார்பனேட்டாகத்தான் குறிக்கப்படுகிறது. மேலே சொன்ன நீரில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து அது 350 ஆகும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரத்தின்படி விரும்பத்தக்க அளவு 200; வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை ஏற்கலாம். குழாய் வாயிலும் கீசர் கம்பியிலும் வெள்ளையாகப் படிவது இந்தக் கால்சியம்தான்: நீர் சூடாகும்போது இரண்டு பைகார்பனேட்டுகளில் ஒன்று கார்பனேட்டாக மாறி, ஒரு கால்சியத்தோடு ஒன்றுக்கு ஒன்று என்று சேர்ந்து கரையாமல் வெளியேறுகிறது, மற்றொன்று கார்பன் டை ஆக்சைடும் நீருமாகிவிடுகிறது.

குறைந்த கட்டணத்தில் செய்யப்படும் சோதனைகளில் சோடியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அப்போது சுழிய விதியே அவற்றைக் கண்டுபிடித்துத் தரும். மேலுள்ள அறிக்கையில் கால்சியமும் மக்னீசியமும் மட்டும் இருந்தால் நேர்மின் பக்கம் 7.0, எதிர்மின் பக்கம் 13.0. விடுபட்ட 6.0 முழுவதையும் சோடியம் என்று கொண்டு 23ஆல் பெருக்கினால் 138 மில்லிகிராம். அளந்து கண்டது 140. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் உள்ள வீட்டில் இந்த மதிப்பீடு உண்மையிலேயே பயன்படும். கடினநீரை மென்னீராக்கும் கருவி ஒவ்வொரு கால்சியத்துக்கும் ஈடாக இரண்டு சோடியத்தை நீரில் விடுகிறது என்பதையும் அவர்கள் இதோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கணக்கு கைவந்த பிறகு கடல்நீரைச் செய்து பார்க்கலாம். லிட்டருக்குத் தோராயமாகக் குளோரைடு 19.4 கிராம், சோடியம் 10.8, சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியம் 0.4, பொட்டாசியம் 0.4, பைகார்பனேட் 0.14. கடல்நீர் என்றால் சோடியம் குளோரைடு என்றே நினைத்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது: குளோரைடு சுமார் 546 மில்லிசமானம், சோடியமோ 470தான். அந்த இடைவெளியையும் சல்பேட்டின் 56ஐயும் பெரும்பாலும் ஈடுசெய்வது மக்னீசியத்தின் 108. மீதியைக் கால்சியமும் பொட்டாசியமும் நிரப்ப, நேர்மின் பக்கம் 608, எதிர்மின் பக்கம் 604 என்று முடிகிறது. மீஞ்சூர் போன்ற கடலோரப் பகுதிகளில் கடல்நீர் நிலத்தடிக்குள் ஊடுருவும்போது, கிணற்று நீரில் பைகார்பனேட் முன்னிலை இழந்து குளோரைடு தலையெடுப்பதும், கால்சியத்தை மக்னீசியம் முந்துவதும் இந்த எண்களின் சாயலே. பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் மில்லிசமானத்துக்கு மாற்றி அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த மாற்றம் தெரிந்துவிடும்.